வாடகைக்காரருமல்லர், உரிமையாளருமல்லர்

ஒரு நாட்டில் ஒரு மக்கட் கூட்டத்தார் எவ்வாறு மதிக்கப்படுகின்றனர் என்பதை அறிய விரும்புவோர் அந்நாட்டின் அரசியல் யாப்பைப் புரட்டிப் பார்ப்பதோடு அமைதல் கூடாது. அம்மக்கள் இரவிற் படுத்துறங்கும் கூரை யாருக்கு உரியது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தமிழில் ‘வீடு’ என்னும் சொல் இல்லத்தையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப் பொருள்களை வகுத்த நம் முன்னோர் வீட்டை இறுதியில் வைத்தனர். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவருக்கோ அச்சொல்லின் இரு பொருளுமே இன்னும் கைகூடவில்லை. இஃது உணர்ச்சி மிகுதியாற் கூறப்படும் கூற்று அன்று. சட்டமும் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றன.

பதுளையிலிருந்து ஹாலி-எல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை என இருப்புப்பாதை ஏறிச் செல்கின்றது. 1924 இல் பதுளை வரை வந்து முடிந்த அப்பாதை தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் செல்வதற்காக அமைந்தது. இன்று அதில் வெளிநாட்டுப் பயணிகள் கதவோரம் தொங்கியபடி படம் பிடித்துக்கொண்டு செல்கின்றனர். அவர்களிற் பலர் தங்குமிடம் எது? பழைய துரைமார் பங்களாக்களே. கருங்கற் சுவர், மரத்தளம், கணப்படுப்பு, முன்னே புற்றரை, அதன் ஓரத்தில் ரோசாச் செடி என அமைந்த இவ்விடங்கள் மெருகு பெற்று, ‘மரபுரிமைத் தங்குமனை’ என்னும் பெயரோடு இரவு ஒன்றுக்கு இவ்வளவு என வாடகைக்கு விடப்படுகின்றன. தோட்டத் துறையில் முன்னணியில் நின்ற சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் ஹப்புத்தளையிற் கட்டிய அடிஷாம் மாளிகை இன்று கிறித்தவத் துறவியரின் மடமாக இருக்கின்றது. அதன் அறைகளும் தோட்டமும் பேணப்பட்டு வருகின்றன. அதற்கு அப்பால், 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் நின்று பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்துக்குச் செல்வதற்கும் பயணிகள் தம்பேத்தன்னைத் தோட்டத்தின் ஊடாகவே ஏறுகின்றனர்.

பழைய கட்டடங்களைப் பேணுதல் நற்செயலே. அதனை நாம் பழிக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட வீடொன்றைச் செப்பனிட்டு, அதன் கதவையும் தளத்தையும் காப்பாற்றி, அமைதியான சூழலில் ஒருவர் வாடகைக்கு அமர்தல் உலகெங்கும் உள்ள வழக்கம். நாம் கேட்பது வேறொன்று. அந்தப் பங்களாவைக் கட்டிய அதே கொம்பனி, அதே காலத்தில், அதே மலையின் பணியப் பக்கத்தில் மற்றொரு கட்டடத்தையும் கட்டியதே, அது எங்கே? அதுவும் போருக்கு முற்பட்டது. அதற்கும் நூறு வயதாயிற்று. அதன் பெயர் லயம். அதன் வரலாற்றை எவரும் விளம்பரப்படுத்துவதில்லை. பயணியின் புகைப்படத்தில் அது தொலைவிலே தகரக் கூரையாக மின்னி மறைகின்றது.

லயம் எத்தகையது என்பதை மலையகத்தாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. எனினும் இம்மலரை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் வாசிப்போர் உளர். அவர்கள் பொருட்டுக் கூறுவோம். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஓர் அறை. அதற்குக் காம்பரா என்று பெயர். முன்னே ஒரு சிறு திண்ணை, அது இஸ்தோப்பு. இவ்வாறான அறைகள் ஆறும் பத்தும் பன்னிரண்டும் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டி மற்றொரு வரிசையும் நிற்கும். அங்கே பின்சுவரில் யன்னல் வைக்க வழியே இல்லை. ஓர் அறையில் அடுப்புப் புகைந்தால் அடுத்த அறையிற் கண் எரியும். ஓர் அறையில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் எரியும். தாய் தந்தையர், மணமான மகன், பருவமடைந்த மகள், முதிய பாட்டி யாவரும் அந்த நூற்றிருபது சதுர அடிக்குள்ளேயே பிறப்பும் பிணியும் இறப்பும் கண்டு வந்தனர். ஹாலி-எலப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், ‘மீன்கள்’ என்னும் சிறுகதையில் இந்த ஒற்றைக் காம்பரா வாழ்வின் நெருக்கடியையே பொருளாக்கினார். அக்கதையை வாசித்தோர் அதன் பின்னர் லயத்தை வெறுங் கட்டடமாகப் பார்த்தல் அரிது.

லயங்களும் ‘புதுக்கப்பட்டே’ வருகின்றன என்று சிலர் கூறுவர். உண்மைதான். பழைய தகரம் கழற்றப்பட்டுப் புதிய தகடு ஏற்றப்படுகின்றது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசப்படுகின்றது. தேர்தல் அண்மிக்கும் காலத்தில் நீர்க்குழாய் ஒன்று பீலியிலிருந்து வாசல் வரை வருகின்றது. இவற்றுட் பெரும்பகுதியை அங்கு வாழும் குடும்பங்களே தம் கூலியிலிருந்தும், கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணத்திலிருந்தும் செய்கின்றன. இஸ்தோப்பை அடைத்து அறையாக்குகின்றனர். பின்னே குசினி ஒன்று இறக்குகின்றனர். தளத்துக்குச் சீமெந்து போடுகின்றனர். பணத்தைச் செலவிட்டவர் அவர். உழைப்பை ஈந்தவர் அவர். ஆனால் சீமெந்து காய்ந்த அக்கணமே அந்தத் தளம் பிறருக்கு உரியதாகின்றது. நாளை அவர் அதனை விற்க முடியாது. வங்கியில் ஈடு வைக்க முடியாது. மகளுக்குச் சீதனமாக எழுத முடியாது. மற்றொருவர் சொத்தைத் தன் செலவிலே செப்பனிட்டுக் கொடுக்கும் வறியவரை உலகின் எந்த நகரத்தில் நாம் காண்போம்?

நகரத்தில் வாடகைக்கு இருப்பவரின் நிலையோடு இதனை ஒப்பிடுதல் தகும். இலங்கையில் 1942 இலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டம் அதனை விரித்தது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகை உயர்வுக்கும் வெளியேற்றத்துக்கும் மேலும் கடிவாளம் இட்டது. 1973 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் இன்னும் ஒரு படி ஏறி, ஒருவரிடம் மிகையாக இருந்த வீடுகளை அவற்றில் வாடகைக்கு இருந்தோரே விலைக்குப் பெறுவதற்கு வழி திறந்தது. கொழும்பின் நெருக்கமான தொடர்வீடுகளில் மாதந்தோறும் சில ரூபாய் செலுத்தி வாழ்ந்த எத்தனையோ ஏழைகள் இதனால் வீட்டுக்காரராயினர். நல்ல சட்டம், அதனை வரவேற்கின்றோம்.

ஆனால் அதே ஆண்டுகளில் தோட்டத்தில் நடந்தது யாது? வாடகைக்காரரைக் காக்க ஒரு சட்டம் பிறந்த அதே 1948 இல், 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தாற் தோட்டத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1947 தேர்தலிற் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு 1952 தேர்தலில் வாக்கே இல்லை. வாக்கற்றவனுக்கு வீட்டுச் சட்டம் இயற்றுபவர் எவர்? 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமோ ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என விட்டுவைத்தது. மக்களை இவ்வாறு எண்ணிப் பிரித்தோர் அம்மக்கள் குடியிருந்த அறை எவருடையது என்ற கேள்வியை எழுப்பவில்லை.

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் அரசுடைமையாயின. நகரத்தின் மிகை வீடு அதில் வாழ்ந்தவருக்குச் சென்றது; தோட்டத்தின் லயமோ தேயிலைச் செடியோடும் தொழிற்சாலைப் பொறியோடும் சேர்ந்து அரசின் கைக்குச் சென்றது. ஒரே அரசு, ஒரே காலம், இரு நியாயங்கள். 1992 இல் அரசு தோட்டங்களின் முகாமையைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. பின்னர் காணிகள் 53 ஆண்டுக் குத்தகைக்கு உட்பட்டன. அக்குத்தகை 2045 வரை செல்லும். 1992 இல் ஹப்புத்தளை லயமொன்றிற் பிறந்த குழந்தை ஐம்பத்து மூன்று வயதெய்தும்போதே அது முடியும். தான் பிறந்த அறை யாரால் யாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது என்பதை அக்குழந்தையின் பெற்றோரிடம் எவரும் கேட்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புக்குச் செலவிடச் சபைக்குத் தடையாக நின்றது. அத்தடை நீங்குவதற்கு 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துச் சபை அமைப்பர். அச்சபையோ அவர்தம் வாசலுக்கு ஒரு படிக்கட்டுக் கட்டித் தரவும் இயலாதிருந்தது.

இனி எதிர்வாதங்களை நோக்குவோம். முதலாவது வாதம், “லயம் இலவசம், வாடகையின்றி இருப்பவருக்கு மேலும் என்ன வேண்டும்?” என்பது. இதனைப் படித்தவரும் கூறக் கேட்கின்றோம். இலவசம் என்பது பிழை. தோட்டக் கூலி தாழ்ந்திருப்பதற்கு முதலாளிமார் காலங்காலமாகக் காட்டி வந்த நியாயங்களுள் ஒன்று, ‘வீடும் நாமே கொடுக்கின்றோம்’ என்பது. ஆகவே வாடகை கூலியிலேயே கழிந்துவிட்டது. நான்கு தலைமுறையாகக் கழிந்துகொண்டிருக்கின்றது. பணமாகச் செலுத்திய வாடகைக்குப் பற்றுச்சீட்டு உண்டு. பற்றுச்சீட்டு உள்ளவன் நீதிமன்றம் ஏறலாம். கூலியிற் கழித்த வாடகைக்குப் பற்றுச்சீட்டு இல்லை. அதனால் அவன் வாடகைக்காரனும் அல்லன். உடைமையும் இல்லை, குடியிருப்பு ஒப்பந்தமும் இல்லை. தொழிலாளி என்ற காரணத்தால் இருக்க விடப்பட்டவன், அவ்வளவே. நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்றலாகாது என 1971 இல் ஒரு தனிச்சட்டம் வந்தது என்பதை மறுக்கவில்லை. வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துவது ஒன்று. உரிமை வழங்குவது மற்றொன்று.

இரண்டாவது வாதம், “வீட்டுரிமை கொடுத்தால் தொழிலாளர் மலையை விட்டுப் போய்விடுவர், தேயிலை அழியும்” என்பது. இவ்வாதம் தன்னையே காட்டிக்கொடுக்கின்றது. வீடு வேண்டுமானால் வேலை செய் என்பதே அதன் உட்பொருள். கூலியாலும் மதிப்பாலும் தொழிலாளரை ஈர்க்க இயலாதவர் கூரையாற் கட்டிவைக்கப் பார்க்கின்றனர். அக்கட்டும் இன்று அறுந்து வருகின்றது. லயத்து இளைஞன் கொழும்புக்குச் செல்கின்றான். பெண்கள் ஆடைத் தொழிற்சாலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். உரிமையற்ற வீடு அவர்களை நிறுத்தி வைக்கவில்லை. மாறாக, தனக்கெனக் காணித்துண்டு உள்ளவன் ஊரிலே தங்குவதற்கு ஒரு காரணம் பெறுகின்றான். கிராமத்தில் வீடும் தோட்டத்தில் வேலையும் என அன்றாடம் நடந்து வரும் சிங்கள உழவரை ஊவாவின் பல தோட்டங்களில் நாம் காண்கின்றோமே! அவர் வீட்டுக்குத் தனியே உறுதி இருத்தலால் அவர் பறிக்கும் கொழுந்து குறைந்துவிட்டதா?

மூன்றாவது வாதம், “பழைய தொழிலாளர் குடியிருப்பை அதில் வாழ்வோருக்கே உரிமையாக்குதல் நடைமுறையில் இயலாது” என்பது. பம்பாயை நோக்குக. அங்கே வொர்லி, நைகாம் முதலிய பகுதிகளில் 1920 களில் அரசின் வளர்ச்சித் திணைக்களம் ஆலைத் தொழிலாளர் முதலியோருக்காகச் சால்கள் என்னும் தொடர்மாடிகளைக் கட்டியது. குடும்பமொன்றுக்கு 160 சதுர அடி கொண்ட ஒற்றை அறை; கழிப்பிடம் பொது. நம் லயத்தை மாடி மேல் மாடியாக அடுக்கினால் அச்சால் தோன்றும். அவற்றை இடித்து, அங்கேயே வாழ்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் 500 சதுர அடி வீட்டை முழு உரிமையோடு வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 2025 ஓகஸ்டில் வொர்லியில் முதற் தொகுதியினரின் கையிற் சாவிகள் சேர்ந்தன. தாமதம் உண்டு, பூசல் உண்டு, கட்டுநரின் இலாப நோக்கமும் உண்டு. ஆயினும் ‘அங்கு வாழ்ந்தவருக்கே அது உரியது’ என்னும் கோட்பாடு அங்கே ஏற்கப்பட்டது. நிலத்தின் விலை வானளாவிய பம்பாயில் இயன்றது, பூனாகலை மலையில் ஏன் இயலாது?

உரிமையின்மை வெறும் மானப் பிரச்சினை அன்று. அது உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. பின்னர் சிலர், “எச்சரித்தும் அம்மக்கள் எழுந்து போகவில்லையே” என்றனர். எங்கே போவது? நகர வாடகைக்காரன் ஒரு வீட்டை விட்டு மற்றொரு வீட்டுக்கு மாறலாம். காணிக்காரன் தன் காணியை விற்று வேறிடம் வாங்கலாம். லயத்தான் அறையை விட்டு எழுந்தால் அவனுக்குச் சுற்றிலும் கம்பனித் தேயிலை. கால் ஊன்ற ஒரு சாண் நிலமில்லை. உயிர் தப்பியோர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஏறத்தாழ ஈராண்டு தங்கிய பின்னரே புதிய வீடு கண்டனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது பதுளை மாவட்டத்தின் சரிவுகள் மறுபடியும் பெயர்ந்தன. மழை இயற்கையின் செயல். எச்சரிக்கை பெற்ற பின்னரும் நகர இடமில்லாதிருத்தல் மனிதர் செய்த ஏற்பாடு.

முகவரியைப் பற்றியும் ஒரு சொல். வீட்டிலக்கமும் தெருப்பெயரும் இல்லாத லயத்துக்குத் தபாற்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குச் சென்று, அங்கிருந்து ஒருவர் கொண்டுவரும் நாளில் வந்து சேரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பின்னர் கிடைத்த கதையைத் தன் குடும்பத்திலோ அயல் லயத்திலோ கேளாத மலையக மாணவர் நம்மிடையே மிகச் சிலரே. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ‘நிலையான முகவரி’ என்னும் கட்டத்தின் முன் தயங்கி, நகரத்து உறவினரின் முகவரியை எழுதியோர் எத்தனை பேர்! அத்தயக்கத்துக்கு நாணவேண்டியவர் நாமல்லர். இருநூறாண்டு உழைத்த மக்களுக்கு ஓர் இலக்கம் கொடுக்காத ஆட்சியாளரே நாணல் வேண்டும்.

நம்மவர் தலைமைகளையும் இவ்விடத்தில் விட்டுவிடுதல் முறையன்று. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்னும் முடிவு வந்தது. இந்திய உதவியில் நாலாயிரம் வீடுகள் எழுந்தன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். நன்றி கூறுகின்றோம். ஆயினும் ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1900 சதுர அடி. பங்களாவின் முன்புற்றரைக்கும் அது போதாது. அந்தச் சிறு துண்டுக்கும் அடிக்கல் நாட்டு விழா ஒன்று, கையளிப்பு விழா ஒன்று, மாலை மரியாதை ஒன்று. உறுதி எங்கே என்று கேட்டால் ‘பின்னர் வரும்’ என்பது விடை. உறுதியற்ற புதுவீடு சற்றுப் பெரிய லயமேயன்றி வேறன்று. வீட்டை அருளாகக் கொடுத்தால் வாக்கை நன்றியாகப் பெறலாம். உரிமையாகக் கொடுத்தால் பெறமுடியாது. தொழிற்சங்கத் தலைவர்கள் இதனை அறியாதவர் அல்லர்.

மரபுரிமை பேசுவோர்க்கும் ஒன்று சொல்வோம். பங்களாவின் கணப்படுப்பு மரபாயின், அதற்கு விறகு சுமந்தவனின் காம்பராவும் மரபே. ஆனால் நாளை எவரேனும் வந்து, லயம் ஒன்றைப் பூசி மெழுகி, மின்விளக்கு ஏற்றி, ‘தொழிலாளர் வாழ்வை அனுபவியுங்கள்’ என்று வாடகைக்கு விட எண்ணுவாராயின் அதனை எதிர்ப்போம். அரும்பொருட் காட்சிக்காக ஒரு லயத்தைக் காத்தல் வேறு. மக்கள் இன்னும் உள்ளே வாழ்ந்துகொண்டிருக்கையில் அவர்தம் வறுமையை விலைக்கு விடுதல் வேறு.

நம் கோரிக்கைகள் சிக்கலானவை அல்ல. 2045 வரை காத்திராது, குடியிருப்புகள் அமைந்த காணியைக் குத்தகையிலிருந்து பிரித்தெடுத்தல் வேண்டும். அங்கு வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், தோட்டத்தில் வேலை செய்யினும் செய்யாவிடினும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் சட்டபூர்வமான உறுதி வழங்கல் வேண்டும். சரிவு அபாயம் உள்ளதெனக் கண்ட லயங்களுக்கு மாற்றுக் காணியை எச்சரிக்கையோடு சேர்த்தே கொடுத்தல் வேண்டும். மண் சரிந்த பின்னர் அன்று. ஒவ்வொரு வாசலுக்கும் இலக்கமும், ஒவ்வொரு குடியிருப்புக்கும் தபால் முகவரியும் வேண்டும். இவற்றுள் முதலும் ஈற்றும் பெரும் பணத்தை வேண்டி நிற்பன அல்ல. மனத்தை வேண்டி நிற்பன.

இம்மலரை வாசிக்கும் மாணவ நண்பர்களே! பட்டம் பெற்று நகரத்தில் அறை எடுத்து வாழும் நாள் உங்களுக்கும் வரும். வாடகை ஒப்பந்தத்திற் கையெழுத்திடும்போது உங்களுக்குச் சில உரிமைகள் எழுத்திலே கிடைக்கும். அப்போது, உங்கள் பாட்டனும் தந்தையும் வாழ்நாள் முழுதும் குடியிருந்து அத்தகைய ஒரு தாளைக் கூடக் கண்டதில்லை என்பதை நினைத்தல் வேண்டும். அந்தத் தாளை அவர்கள் கையிற் பெற்றுக்கொடுக்கும் வேலை சட்டம் படித்தவருக்கும் உண்டு, நில அளவை படித்தவருக்கும் உண்டு, எழுதத் தெரிந்தவருக்கும் உண்டு. அதனைச் செய்வதற்கு இன்னுமொரு தலைமுறை காத்திருத்தல் தகாது.